பாத்தா நல்லாத்தானே இருக்க: 24 வயசுல லூபஸோட எப்படி வாழறது?

கேள்விய சுருக்கமா திரும்ப எழுதிடறேன், மத்தவங்களுக்கும் புரியணும். வயசு 24, எட்டு மாசம் முன்னாடி லூபஸ்னு, அதாவது நோய் எதிர்ப்பு சக்தியே நம்ம உடம்ப தாக்கற நாள்பட்ட வியாதின்னு, கண்டுபிடிச்சிருக்காங்க. வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியல, அதனால வீட்லயும் ஃபிரெண்ட்ஸும் முழுசா நம்பல. ஒரு நாள் நல்லா இருக்கு, மறுநாள் எந்திரிக்கவே முடியல, இதப் பாத்து நானே நடிக்கறேனோன்னு எனக்கே சந்தேகம் வருது. ஆபீஸ்ல சொல்லலாமா, பழகற பையன்கிட்ட எப்ப சொல்றது, இப்ப நல்லா இருக்கேனே மாத்திரைய நிறுத்திடலாமா, மேல படிக்கப் போற பிளான விட்டுடணுமா. நடுவுல அழுகை வருதுன்னும் ஒரு வரி. இதுதான் கேட்டிருக்கீங்க.

எனக்கு 19 வயசுல லூபஸ் வந்துச்சு, இப்ப முப்பதுகளோட நடுவுல இருக்கேன். இந்த மாதிரி வியாதி புதுசா கண்டுபிடிச்சவங்களோட உக்காந்து பேசறது பல வருஷமா நான் செய்யற வேலை. டாக்டர் இல்ல, அதனால உங்க மருந்தோட அளவு பத்தி முடிவு எடுக்கறது உங்க டாக்டர்தான், ஆனா கேட்ட மத்த எல்லாத்துக்கும் என்னால பதில் சொல்ல முடியும்.

முதல்ல மாத்திரை விஷயத்த முடிச்சுடலாம், மத்ததெல்லாம் மெதுவா யோசிக்கலாம், இது அப்படி இல்ல. நிறுத்தாதீங்க. இப்ப நல்லா இருக்கீங்கன்னா மாத்திரை வேலை செய்யுதுன்னுதான் பெரும்பாலும் அர்த்தம். நீங்க சாப்பிடற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ரொம்ப மெதுவான மருந்து, பலன் தெரியவே ரெண்டு மூணு மாசம், சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆகும், அதே மாதிரி நிறுத்தினாலும் உடனே ஒண்ணும் ஆகாது, வாரக்கணக்குல நல்லாவே இருப்பீங்க, பாத்தியா மாத்திரை இல்லாமயே சமாளிச்சுட்டேன்னு தோணும், அதுக்கப்புறம்தான் தெரியும். 1991ல கனடால நடந்த ஒரு ஆய்வு வெளிவந்துச்சு. நோய் அடங்கி நல்லா இருந்த லூபஸ் நோயாளிகள் 47 பேர ரெண்டு குரூப்பா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு இதே மாத்திரைய தொடர்ந்து கொடுத்தாங்க, இன்னொரு குரூப்புக்கு மருந்து இல்லாத வெத்து மாத்திரை, யாருக்கு எதுன்னு அவங்களுக்கு தெரியாது. ஆறு மாசத்துல வெத்து மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு நோய் திரும்ப கிளம்பற வாய்ப்பு ரெண்டரை மடங்கு இருந்துச்சு. அவங்களும் உங்கள மாதிரியே நல்லா இருந்தவங்கதான்.

கண்ணு போயிடும்னு யாராவது பயமுறுத்தியிருப்பாங்க. அந்த ஆபத்து நிஜம்தான், விழித்திரைல படியற மருந்து இது, ஆனா அது வருஷக்கணக்குல சேர்ற விஷயம், அத கட்டுப்படுத்த வழியும் இருக்கு. உடம்பு எடைல ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, ஆரம்பிச்ச முதல் வருஷத்துக்குள்ள ஒரு கண் பரிசோதனை, அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம். கிட்னி பிரச்சனை இருந்தா இன்னும் முன்னாடியே ஆரம்பிப்பாங்க. உங்க எடைக்கு உங்க டோஸ் சரியான்னு அடுத்த தடவை போகும்போது கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

ஸ்டீராய்டும் சாப்பிட்டா அத ஒரே நாள்ல நிறுத்தறது இன்னும் ஆபத்து. சில வாரம் தொடர்ந்து ப்ரெட்னிசோலோன் சாப்பிட்டா உடம்பு தானா சுரக்க வேண்டிய கார்டிசால்ங்கற ஹார்மோன குறைச்சுடும், திடீர்னு வெளியிலேர்ந்து வர்றதும் நின்னா பிரஷர் இறங்கி ஆஸ்பத்திரில போய் படுக்கற நிலைமை வரும். முகம் ஊதுது, தூக்கம் வரல, கோவம் கோவமா வருதுன்னா அத டாக்டர்கிட்ட சொல்லி படிப்படியா குறைக்கச் சொல்லுங்க. டாக்டர் வேற மாதிரி சொல்லாத வரைக்கும் காலைலயே சாப்பிட்டா தூக்கம் கெடறது கொஞ்சம் குறையும்.

இன்னொண்ணு, யூரின் டெஸ்ட்ட தள்ளிப் போடாதீங்க. லூபஸ் கிட்னில கை வைக்கும்போது வலிக்கவே வலிக்காது. கால் வீங்கி, யூரின் நுரை நுரையா போகும்போது நோய் ஏற்கனவே கொஞ்ச தூரம் போயிருக்கும், ஆனா புரதம் கசியறது ஒரு சாதாரண யூரின் டெஸ்ட்ல அதுக்கு ரொம்ப முன்னாடியே தெரிஞ்சுடும். மத்தவங்களுக்கு தெரியாத வியாதின்னு நாம சொல்றோம், சில சமயம் நமக்கே தெரியாது, அதனால "இன்னிக்கு எப்படி இருக்கேன்"ங்கறத வச்சு மட்டும் எந்த மருந்து முடிவும் எடுக்கக்கூடாது.

இப்ப நீங்க கேட்டதுலயே என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்ச கேள்விக்கு வர்றேன். நானே நடிக்கறேனோ.

என்கிட்ட பேச வர்ற சின்ன வயசுக்காரங்கள்ல பெரும்பாலானவங்க இத ஏதோ ஒரு விதத்துல கேட்டிருக்காங்க. வயசானவங்க அவ்வளவா கேக்கறதில்ல, ஏன்னா அறுபது வயசுல முட்டி வலிக்குதுன்னா உலகமே ஒத்துக்குது. இருபத்தி நாலு வயசுல "முடியல"ன்னு சொன்னா முதல் பதில் "இந்த வயசுலயா?"ங்கறதுதான். அந்த பதில திரும்பத் திரும்ப கேட்டா கொஞ்ச நாள்ல அது நம்ம குரலாவே மாறிடுது, வெளிய யாரும் கேக்காதப்பவும் உள்ள ஒருத்தர் உக்காந்து இது நிஜமான்னு விசாரிச்சுட்டே இருப்பார்.

ஒரு நாள் எடுத்துக்கோங்க. காலைல ஆறு மணிக்கு விரல் மடங்காது. பல் தேய்க்கற பிரஷ்ஷ முஷ்டில புடிச்சுத்தான் தேய்ப்பீங்க, பேஸ்ட் மூடிய திறக்க பல்லு வேணும், சட்டை பட்டன் போடறதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துடும். வெந்நீர்ல கைய வச்சு வச்சு ஒன்பது மணிக்கு கொஞ்சம் இளகும். பதினோரு மணிக்கு அதே விரல் கீபோர்டுல ஓடும். ஆபீஸ்ல உங்களப் பாக்கறவங்க எல்லாரும் பதினோரு மணிக்காரங்க, ஆறு மணிய பாத்தவங்க யாருமே இல்ல. இதுல கொடுமை என்னன்னா பதினோரு மணிக்கு நீங்களும் ஆறு மணிய மறந்துடுவீங்க, அவ்வளவு மோசமாவா இருந்துச்சுன்னு தோணும். வலி போனதும் அதோட நினைவு மங்கிடும், எல்லா மனுஷனுக்கும் இப்படித்தான். அதனாலதான் சந்தேகம் வருது, நீங்க பொய் சொல்றதால இல்ல.

ஏறி இறங்கறது இந்த நோயோட சுபாவம். லூபஸ்ல நோய் எதிர்ப்பு மண்டலம் நம்ம உடம்பையே எதிரியா நினைச்சு தாக்குது, அப்ப இன்டர்ஃபெரான்னு ஒரு புரதம் நிறைய சுரக்குது. வைரஸ் காய்ச்சல் வந்தா உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிச்சு, தலை மந்தமாகி, போர்த்திட்டு படுக்கணும்னு தோணுதே, அதுக்கும் பெரிய காரணம் இதே புரதம்தான். முன்னாடி ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரானையே ஊசியா போட்டாங்க, அதுவரைக்கும் வேலைக்குப் போய் வந்துட்டிருந்தவங்க கூட அந்த ஊசி ஆரம்பிச்சதும் களைப்புலயும் உடம்பு வலிலயும் மனச்சோர்வுலயும் படுத்துட்டாங்க, அந்த மருந்தோட தெரிஞ்ச பக்க விளைவே அதுதான். அவங்க யாரையும் சோம்பேறின்னு யாரும் சொல்லல, ஏன்னா ஊசி கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. உங்களுக்கு அது உள்ளேயே சுரக்குது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த சந்தேகத்தால வர்ற நிஜமான கெடுதல் ஒண்ணு இருக்கு, அதப் பத்தி கொஞ்சம் நிறையவே சொல்லணும். நடிக்கறேனோன்னு நினைக்கறவங்க நல்ல நாள் வந்ததும் என்ன பண்ணுவாங்கன்னா, முந்தின நாள் படுத்ததுக்கெல்லாம் ஈடு கட்டுவாங்க. சேர்ந்து கிடக்கற துணி, பாக்கி இருக்கற ஆபீஸ் வேலை, ரெண்டு வாரமா தள்ளிப் போட்ட ஃபிரெண்ட், எல்லாத்தையும் ஒரே நாள்ல. நான் சோம்பேறி இல்லன்னு மத்தவங்களுக்கும் தனக்கும் காட்டறதுக்காக ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஓடுவாங்க, மறுநாள் இல்லன்னா அதுக்கு அடுத்த நாள் உடம்பு மொத்தமா கீழ போட்டுடும், மறுபடி படுக்கை, மறுபடி குற்ற உணர்ச்சி, மறுபடி ஒரு நல்ல நாளுக்காக காத்திருந்து அதையும் காலி பண்றது. சம்பளம் வந்த அன்னிக்கே மொத்தத்தையும் செலவழிச்சுட்டு மாசம் பூரா கடன் வாங்கற மாதிரி. அதனால நான் எல்லார்கிட்டயும் முதல்ல சொல்றது இதுதான்: நல்ல நாள்ல முடியும்னு தோணறதுல முக்கால்வாசி செஞ்சுட்டு நிறுத்துங்க, இன்னும் தெம்பு இருக்கும்போதே நிறுத்துங்க. மோசமான நாள்லயும் ஒண்ணே ஒண்ணு, ரொம்ப சின்னது, செய்யுங்க. அப்புறம் யாருக்கு வாக்கு கொடுத்தாலும் உங்க சுமாரான நாள மனசுல வச்சு கொடுங்க, நல்ல நாள வச்சு கொடுக்காதீங்க. வேலை, கல்யாணம், படிப்பு எல்லாத்துக்கும் இத வச்சுத்தான் நான் பதில் சொல்லப் போறேன்.

இத பண்ண ஒரு சின்ன நோட்டு போதும். தினமும் ஒரு வரி, எத்தனை மணி நேரம் தூக்கம், காலைல விரல் இளக எவ்வளவு நேரம் ஆச்சு, அன்னிக்கு செஞ்ச பெரிய வேலை என்ன, வெயில்ல போனீங்களா. ரெண்டு மூணு மாசம் எழுதினா உங்களுக்குன்னு ஒரு கணக்கு புரிபட ஆரம்பிக்கும். வெயில் முக்கியம், ஏன்னா லூபஸ்ல புற ஊதா கதிர் தோல்ல மட்டும் இல்லாம மொத்த நோயையுமே கிளப்பி விடலாம், அதுல யுவிஏங்கற ஒரு வகை கதிர் ஜன்னல் கண்ணாடி வழியாவும் உள்ள வரும். என்கிட்ட பேச வர்ற குழுல ஒரு பொண்ணு ஞாயிறு முழுக்க ஓய்வு எடுத்தும் வாரம் பூரா ஏன் படுத்துதுன்னு புரியாம இருந்தா, நோட்டு எழுத ஆரம்பிச்சப்புறம்தான் ஆபீஸ்ல அவளோட சீட் வெயில் விழற ஜன்னலோரம்னு கவனிச்சா. சீட் மாத்தினதுல நோய் குணமாகல, ஆனா கன்னத்துல வர்ற சிவப்பு நல்லாவே குறைஞ்சுச்சு.

எல்லா களைப்பையும் லூபஸ் தலைல கட்டாதீங்க. ரத்த சோகை, தைராய்டு, வைட்டமின் டி குறைவு, சரியில்லாத தூக்கம், மனச்சோர்வு இதெல்லாம் கூடவே வரும், எல்லாத்துக்கும் தனியா வைத்தியம் இருக்கு. உடற்பயிற்சியும், நோய் அடங்கி இருக்கும்போது நடை மாதிரி மெதுவா ஆரம்பிச்சு கூட்டிட்டு போனா, லூபஸ் களைப்ப குறைக்குதுன்னு ஆய்வுகள் காட்டியிருக்கு. ஆனா வேற வியாதியோட இதப் படிக்கறவங்க கவனிங்க: எம்இ சிஎஃப்எஸ்னு சொல்ற நாள்பட்ட களைப்பு நோய்ல இது தலைகீழ். சின்ன உழைப்புக்கு அப்புறம் ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு எல்லா அறிகுறியும் மோசமாகறதுதான் அந்த நோயோட அடையாளமே, படிப்படியா உடற்பயிற்சிய கூட்டற சிகிச்சைய பிரிட்டன்ல மருத்துவ வழிகாட்டி போடற நைஸ் அமைப்பு 2021 வழிகாட்டில இருந்து எடுத்தே விட்டுச்சு. அதனால "எனக்கு நடந்து நடந்து சரியாச்சு, நீயும் நட"ன்னு யாருக்கும் சொல்லாதீங்க.

டாக்டர்கிட்ட பேசறது ஒரு கலைதான். "ரொம்ப டயர்டா இருக்கு டாக்டர்"னா அவருக்கு அதுல பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல, அன்னிக்கு வந்த எல்லாருமே அதத்தான் சொல்லியிருப்பாங்க. அதுக்கு பதிலா "குளிச்சுட்டு வந்தா அரை மணி நேரம் படுத்தாதான் டிரஸ் போட முடியுது, மூணு மாசம் முன்னாடி இப்படி இல்ல"ன்னு சொல்லிப் பாருங்க, அவர் பேனாவ எடுப்பார். விரல் வீங்கி இருக்கும்போது, முகத்துல சிவப்பு வரும்போது போன்ல போட்டோ எடுத்து வைங்க, தேதியோட இருக்கும், ஏன்னா அப்பாயின்ட்மென்ட் அன்னிக்கு எல்லாம் சொல்லி வச்ச மாதிரி வடிஞ்சு போயிருக்கும். ஒரு தாள்ல மூணு விஷயம் மட்டும் எழுதிட்டு போங்க, ரொம்ப முக்கியமானது முதல்ல, பத்து எழுதினா பத்தும் அடிபட்டு போகும்.

ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தானே, அப்புறம் என்னன்னு வீட்ல கேட்டா, லூபஸ்ல சிஆர்பி (உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற ரத்த டெஸ்ட்) நார்மலா இருக்கும்போதே நோய் கிளம்பி இருக்கறது ரொம்ப சகஜம்னு சொல்லுங்க. அதனாலதான் டாக்டர் சி3, சி4, டிஎஸ்டிஎன்ஏ, யூரின் புரதம்னு லூபஸ் கிளம்பியிருக்கான்னு பாக்கற வேற டெஸ்ட் எல்லாம் எழுதறார். அப்புறம், எல்லாம் டென்ஷன்தான்னு சொல்லி அனுப்பற டாக்டர் கிடைச்சா, எனக்கும் ஆரம்பத்துல கிடைச்சார், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "டென்ஷன் இல்லன்னா வேற என்னவா இருக்கலாம், அத எப்படி இல்லன்னு உறுதி பண்ணீங்க?" சண்டை மாதிரி இல்லாம நிஜமாவே தெரிஞ்சுக்கற மாதிரி கேளுங்க. நல்ல டாக்டர் அந்த இடத்துல நின்னு யோசிப்பார். யோசிக்காதவர்கிட்ட மறுபடி போக வேணாம்.

உடனே போன் பண்ண வேண்டிய விஷயங்களும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. எதிர்ப்பு சக்திய குறைக்கற மருந்து சாப்பிடும்போது 38 டிகிரி செல்சியஸுக்கு மேல காய்ச்சல், மூச்ச இழுத்தா நெஞ்சு குத்தறது, ஒரு கால் மட்டும் வீங்கறது, திடீர் மூச்சுத் திணறல், வலிப்பு, குழப்பம். இதுல எதுக்கும் காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. மூட்டு வலிக்குதுன்னு நீங்களா வலி மாத்திரை வாங்கிப் போடறதும் வேணாம், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையறா கிட்னிய பாதிக்கலாம்.

மனுஷங்க விஷயம். எல்லாரையும் நம்ப வைக்கணும்னு ஒரு வேலை நம்ம தலைல இருக்கற மாதிரி தோணும், இல்லவே இல்ல. உங்க ஆறு மணி தெரிய வேண்டியவங்க ரெண்டு மூணு பேர் இருந்தா போதும். அவங்களுக்கு விளக்கம் கொடுக்கறத விட காட்டறது நல்லது. வீட்ல நம்பிக்கை இல்லாதவங்கள ஒரு தடவை டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, அவர் வாயால கேக்கறது நீங்க நூறு தடவை சொல்றத விட எடுபடும். மத்தவங்க "பாத்தா நல்லாத்தானே இருக்க"ன்னா "இன்னிக்கு பரவால்ல, நேத்து முடியல"ன்னு சொல்லிட்டு பேச்ச மாத்திடுங்க, அது உண்மை, அதுக்கு மேல அவங்களுக்கு தேவையும் இல்ல. நிறைய பேர் கெட்ட எண்ணத்துல சொல்றதில்ல, நீங்க நல்லா இருக்கணும்னு ஆசைப்பட்டு சொல்றாங்க, ஆனா கேக்கறப்போ வலிக்குதுங்கறதும் உண்மைதான்.

ஃபிரெண்ட்ஸ்கிட்ட ஒண்ணு முன்கூட்டியே சொல்லி வைங்க: "நான் கடைசி நேரத்துல வரலன்னா உன் மேல கோவம்னு அர்த்தம் இல்ல, கூப்பிடறத மட்டும் நிறுத்தாத." இந்த ஒரு வரி சொல்லாததால போன நட்புங்க நிறைய. ரெண்டு தடவை வரலன்னா மூணாவது தடவை கூப்பிட மாட்டாங்க, தொந்தரவு பண்ண வேணாம்னு நல்லதா நினைச்சுத்தான் விடுவாங்க, நமக்கோ ஒதுக்கற மாதிரி இருக்கும். வெளிய போற பிளான் முடியலன்னா அவங்க உங்க ரூமுக்கு வந்து ஒரு மணி நேரம் உக்காந்துட்டு போகலாம், நீங்க படுத்துட்டே பேசலாம், அதுக்கு ஒத்துக்கற ஃபிரெண்ட கெட்டியா புடிச்சுக்கோங்க.

ஆபீஸ். சொல்லியே ஆகணும்னும் இல்ல, மறைக்கணும்னும் இல்ல. சொல்றதால உங்களுக்கு என்ன கிடைக்கணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க, ஒண்ணும் வேணாம்னா இப்போதைக்கு சொல்லாமலே இருக்கலாம். ஏதாவது வேணும்னா நோயோட பேர்ல ஆரம்பிக்காம வேலைல ஆரம்பிங்க. "எனக்கு ஒரு நாள்பட்ட உடல்நிலை பிரச்சனை இருக்கு, வைத்தியம் எடுத்துட்டிருக்கேன். காலைல மூட்டு இறுக்கம் அதிகம், பத்து மணிக்கு ஆரம்பிச்சு ஏழு வரைக்கும் இருந்தா என் வேலை முழுசா முடியும், ஜன்னலோரம் இல்லாத சீட் வேணும், டாக்டர் லெட்டர் தர்றேன்." இவ்வளவுதான். லூபஸ்னா என்னன்னு மேனேஜர் வீட்ல போய் இன்டர்நெட்ல தேடி, ரொம்ப மோசமான கேஸ் ஒண்ணப் படிச்சுட்டு, உங்களுக்கு நல்ல ப்ராஜெக்ட் எதுவும் தராம விடறதும் நடக்கும், அதனால பேர சொல்றது உங்க இஷ்டம். பேசினத அன்னிக்கே ஒரு மெயில்ல போட்டு வைங்க, "இன்னிக்கு பேசினபடி"ன்னு ஆரம்பிச்சு ரெண்டு வரி, மேனேஜர் மாறினாலும் அது இருக்கும்.

இத கேக்கறதுக்கு கூச்சப்படவே வேணாம். 2006ல ஐநா சபை ஏத்துக்கிட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்துல நியாயமான வசதிகள செஞ்சு தர மறுக்கறதே பாகுபாடுன்னு எழுதியிருக்கு, நீண்ட கால உடல் குறைபாடுகளும் அதுல வரும், வெளிய தெரியணும்னு எந்த நிபந்தனையும் இல்ல. உங்க நாட்டு சட்டத்துல அது எப்படி இருக்குன்னு பாத்துக்கோங்க. வெளிய தெரியாத குறைபாடு உள்ளவங்களுக்காக 2016ல லண்டன் கேட்விக் ஏர்போர்ட்ல சூரியகாந்தி படம் போட்ட பச்சை கழுத்துப் பட்டி ஒண்ணு ஆரம்பிச்சாங்க, இப்ப பல நாட்டு ஏர்போர்ட்லயும் அது இருக்கு. அத மாட்டியிருந்தா ஊழியர்கள் காரணம் கேக்காம உதவி வேணுமான்னு கேப்பாங்க. க்யூல நிக்க முடியாத நாள்ல அத போட்டுக்கறதுக்கு யோசிக்காதீங்க.

பழகற பையன்கிட்ட எப்ப சொல்றது. முதல் சந்திப்புலயே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்ல, ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து எதிர்காலத்த பத்தி பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. மன்னிப்பு கேக்கற குரல்ல சொல்லாதீங்க. என்ன நோய், இப்ப எந்த நிலைல இருக்கு, சுமாரான நாள்ல நீங்க எப்படி இருப்பீங்க, அவ்வளவு சொன்னா போதும். அவர் உடனே என்ன சொல்றார்ங்கறத வச்சு முடிவு பண்ணாதீங்க, பயந்து அமைதியா இருந்தாலும் தப்பில்ல, அடுத்த சில வாரத்துல நீங்க முடியலன்னு சொல்ற ஒரு நாள் வரும்ல, அன்னிக்கு எப்படி நடந்துக்கறார்னு பாருங்க.

குழந்தை பத்தி கண்டிப்பா கேள்வி வரும், உங்களுக்குள்ளயும் ஓடிட்டிருக்கும். லூபஸ் உள்ள நிறைய பெண்கள் நல்லபடியா குழந்தை பெத்திருக்காங்க, ஆனா பிளான் பண்ணித்தான் பண்ணணும். பொதுவா நோய் ஆறு மாசமாவது அடங்கி இருக்கணும்னு சொல்வாங்க. லூபஸுக்கு கொடுக்கற மைக்கோஃபினோலேட், மெத்தோட்ரெக்ஸேட் மருந்து ரெண்டும் கருவ பாதிக்கும், முன்கூட்டியே மாத்தணும், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின கர்ப்ப காலத்துலயும் தொடரச் சொல்வாங்க. ஆன்டிபாஸ்ஃபோலிபிட், ஆன்டி ரோன்னு ரத்தத்துல பாக்கற ரெண்டு ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேளுங்க. முதல்ல சொன்னது பாசிட்டிவ்னா ரத்தம் உறையற ஆபத்து இருக்கு, ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையே கூடாது. ரெண்டாவது பாசிட்டிவ்னா குழந்தையோட இதயத் துடிப்ப வயித்துல இருக்கும்போதே கூடுதலா கவனிப்பாங்க. இதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பாக்கற விஷயம்னு தள்ளாதீங்க, இப்பவே உங்க ஃபைல்ல இருக்கட்டும்.

அழுகை வருதுன்னு ஒரு வரி மட்டும் எழுதிட்டு கடந்து போயிருக்கீங்க. நான் கடந்து போகல. மைக்கேல் பரின்னு ஒரு சமூகவியலாளர் மூட்டுவாத நோயாளிகள்கிட்ட பேசி 1982ல எழுதினது ஒண்ணு எனக்கு ரொம்ப உதவுச்சு. நாள்பட்ட நோய் வந்தா உடம்போட சேர்ந்து, நம்ம வாழ்க்கை இப்படித்தான் போகும்னு மனசுல வச்சிருந்த கதையே நடுவுல உடைஞ்சு போகுதுன்னார். இருபது வயசுல அந்த கதை முழுக்க இனிமே வரப்போறதுதான், அதனால உடையறதும் பெருசு. எட்டு மாசத்துல அதுக்காக அழறது பலவீனம் கிடையாது. ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பு இல்லாம, தூக்கம் கெட்டு, இருந்து என்னன்னு தோணினா அது வேற, அதுக்கு வைத்தியம் வேணும். லூபஸே மூளைய பாதிச்சும் அப்படி வரலாம், ஸ்டீராய்டாலயும் வரலாம், அதனால லூபஸ பாக்கற மூட்டுவாத நிபுணர், ரூமட்டாலஜிஸ்ட்கிட்டயும் மறைக்காம சொல்லுங்க. சாகணும்னு எண்ணம் வந்தா அன்னிக்கே யார்கிட்டயாவது சொல்லுங்க, தனியா இருக்காதீங்க.

கடைசியா படிப்பு. கைவிடாதீங்க, ஆனா ஒரு வருஷம் தள்ளிப் போட முடிஞ்சா போடுங்க. முதல் ஒண்ணு ரெண்டு வருஷம் மருந்து அளவு செட் ஆகற காலம், உங்க சுமாரான நாள் எப்படி இருக்கும்னே இன்னும் உங்களுக்கு முழுசா தெரியாது. அப்ளை பண்ற காலேஜ்ல நாலு விஷயம் எழுதிக் கேளுங்க: பாதி பாடம் எடுத்து கூடுதல் வருஷத்துல முடிக்கலாமா, பரீட்சைக்கு கூடுதல் நேரமும் நடுவுல இடைவேளையும் கிடைக்குமா, வகுப்பு ரெக்கார்டிங் இருக்குமா, உடம்பு முடியலன்னா ஒரு செமஸ்டர் நிறுத்தி வச்சா இடமும் உதவித்தொகையும் பத்திரமா இருக்குமா. வேற ஊர்னா போறதுக்கு முன்னாடியே அங்க ஒரு ரூமட்டாலஜிஸ்ட்ட பாத்து அப்பாயின்ட்மென்ட் போட்டுடுங்க, காத்திருக்கற நேரம் மாசக்கணக்குல ஆகலாம். நோய் விவரம், கடைசி டெஸ்ட் ரிசல்ட், மருந்துகளோட கம்பெனி பேர் இல்லாம மூலப் பேரும் அளவும் போட்டு உங்க டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக்கோங்க, இன்ஷூரன்ஸ் ஏற்கனவே இருக்கற நோய்க்கு கவர் பண்ணுமான்னு எழுத்துல வாங்குங்க. மூணு மாசத்துக்கான மாத்திரைய கைல கொண்டு போற பையில வைங்க, லக்கேஜ்ல போடாதீங்க.